புதுக் குழுவில் முதல் ஒத்திகை: பறையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்துடு தம்பி, பார்ப்போம்." போனில் இந்த ஒரு வரியைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது. எட்டு மாதம் வாராவாரம் வகுப்புக்குப் போய்ப் பறை கற்றிருந்தேன், அதற்கு முன்னால் கல்லூரி நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் தட்டிய பழக்கமும் இருந்தது, ஆகவே நானும் ஓரளவு அடிக்கிற ஆள்தான் என்ற நினைப்போடு கடலூர்ப் பக்கம் ஒரு நாட்டுப்புறக் கலைக்குழுவின் ஒத்திகைக்குப் போனேன். அன்றைக்கு நான் பட்ட பாட்டையும், அப்புறம் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். கடலூர், புதுச்சேரிப் பழக்கம்தான் எனக்குத் தெரியும். மதுரையிலோ கொங்குப் பக்கமோ வேறு மாதிரி இருக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் அடியை யாரும் பெரிதாகக் கவனிக்கப் போவதில்லை. எங்கே நிறுத்துகிறான் என்றுதான் பார்ப்பார்கள். இது தெரியாமல்தான் நான் போனேன்.

எப்போது கேட்பது

மாசியிலும் ஆடியிலும் போய் "என்னையும் சேர்த்துக்கோங்க" என்று நிற்காதீர்கள். மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் கடலூர் தேவனாம்பட்டினத்திலும் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும். ஆடியில் அம்மன் கோயில்கள், வீராம்பட்டினம் தேர் என்று குழுக்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த நாட்களில் போனால் பையைத் தூக்க வைப்பார்கள், கற்றுத்தர ஆள் இருக்காது. ஆவணி, புரட்டாசி நல்ல மாதம். அப்போது சேர்ந்தால் பொங்கல் நிகழ்ச்சிகளுக்குள் ஓரளவு பழகிவிடலாம், நடுவில் ஐப்பசி கார்த்திகை மழை வந்து தோலையும் உங்களையும் சேர்த்துச் சோதிக்கும் என்றாலும்.

முந்தின வாரம் செய்ய வேண்டியது

போனில் பேசும்போதே என்னென்ன அடி, அதாவது தாள வகை, வாசிப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். சாமிச்சாட்டு அடி, மருள் அடி, ஒத்தையடி, சப்பரத்து அடி, வாழ்த்தடி என்று பெயர்கள் வரும். ஆனால் பெயரை நம்பி ஏமாறாதீர்கள். உங்கள் வகுப்பில் ஒத்தையடி என்று சொல்லிக்கொடுத்தது ஒன்றாகவும் இவர்கள் ஒத்தையடி என்று வாசிப்பது இன்னொன்றாகவும் இருக்கும், இரண்டுமே சரிதான், ஆனால் அன்றைக்கு அவர்களுடையதுதான் சரி. அதனால் பழைய நிகழ்ச்சியின் ஆடியோ இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவைவிட ஆடியோவே நல்லது, வீடியோ வந்தால் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

வந்ததை முதலில் வாயால் சொல்லுங்கள், குச்சியை அப்புறம் எடுக்கலாம். மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. இதையே நடந்துகொண்டு சொல்லிப் பாருங்கள், ஓர் எழுத்துக்கு ஒரு காலடி. தகதிமி சொன்னால் 'த' எப்போதும் ஒரே காலில் விழும். தகிட சொன்னால் ஒருமுறை வலது காலில், அடுத்த முறை இடது காலில் என்று மாறி மாறி விழும். இங்கேதான் புதியவர்கள் கால் பின்னிக்கொள்வார்கள், ஏனென்றால் பறை ஒரே இடத்தில் நின்று அடிக்கிற கருவி இல்லை, பின்னால் அடவு, அதாவது ஆட்டத்துக்கான கால் அசைவு, சேரும்போது இந்தக் கால்கணக்கு இல்லையென்றால் ஆட்டமும் போச்சு அடியும் போச்சு. நான் சில்வர் பீச்சில் காலை நடையில் இதைச் செய்வேன், எதிரே வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

போனில் மெட்ரோனோம் செயலி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், ஒரே சீராக 'டிக் டிக்' என்று தாளம் காட்டும். நிமிடத்துக்கு 80 வைத்து ஆரம்பித்து, அந்த வேகத்தில் ஐந்து நிமிடம் பிசகாமல் வந்தால் 90, அப்புறம் 100. ஒத்திகையில் யாரும் மெட்ரோனோம் வைக்க மாட்டார்கள், கூட்டம் சூடாக ஆக வேகம் தானாக ஏறும். அது குழுவோடு சேர்ந்து ஏற வேண்டும், உங்களால் ஏறக் கூடாது. தாளம் ஓடுகிறது என்றால் எல்லாரும் முதலில் புதுசாக வந்தவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது முக்கியமான பயிற்சி. நான்கு சுற்று அடியுங்கள். ஐந்தாவது சுற்றின் முதல் 'த'வில் ஓர் அடி, அவ்வளவுதான், நிறுத்துங்கள். அடித்த கையை அப்படியே அடக்குங்கள், இடது கையில் இருக்கும் சிண்டுக்குச்சி தோலில் உரசக்கூடக் கூடாது. மனசுக்குள் எட்டு எண்ணி மறுபடி எடுங்கள். கேட்க ஒன்றுமில்லை போலத் தெரியும். செய்து பார்த்தால்தான் இடது கைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருப்பது தெரியும். வலது கை நின்றபிறகும் அது பழக்கதோஷத்தில் ஒரு 'டிக்' போட்டுவிடும். அந்த ஒரு 'டிக்'கை ஒழிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பையில் என்ன இருக்க வேண்டும்

குச்சி இரண்டு ஜோடி. வலது கைக்கு அடிக்குச்சி, குட்டையாகவும் கனமாகவும் இருக்கும், பூவரசங்கம்பில் செய்தது நன்றாக உழைக்கும். இடது கைக்கு மூங்கிலில் சீவிய நீளமான சிண்டுக்குச்சி, சிம்புக்குச்சி என்றும் சொல்வார்கள். சிண்டுக்குச்சி சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும், அதனால் அதில் மட்டும் மூன்றாவதாக ஒன்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. தோளில் மாட்டும் கயிறோ பட்டையோ அறுந்துபோகிற நிலையில் இருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். துடைக்க ஒரு பழைய காட்டன் துணி, தீப்பெட்டி, கொஞ்சம் செய்தித்தாள், தண்ணீர்.

காதுக்குப் பஞ்சு மாதிரி நுரையில் செய்த அடைப்பான் மருந்துக்கடையில் கிடைக்கும், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் பழைய ஆட்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வேலையிடத்துச் சத்தத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபெல்லில் 8 மணி நேரம்வரை இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். தவிலும் பம்பையும் நாலு பறையும் ஒரு கூரைக்கடியில் சேர்ந்தால் எவ்வளவு வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதோடு, காதை அடைத்துக்கொண்டால் உங்கள் சத்தம் கொஞ்சம் அடங்கி மற்றவர்களின் அடி தனித்தனியாகக் கேட்கும், புதியவருக்கு அது பெரிய உதவி.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் சாயங்காலக் கூட்டத்துக்கு முன்னால் ஏறிவிடுங்கள். தவளக்குப்பம் தாண்டினால் நிற்கவே இடம் இருக்காது, பறையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ள உட்கார இடம் வேண்டும். பைக்கில் முதுகில் மாட்டிக்கொண்டு போனால் காற்றில் அது பாய் மாதிரி இழுக்கும், முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பறைக்குக் காய்ச்சல் வர வேண்டும், உங்களுக்கு வரக் கூடாது

இது எங்கள் குழுவில் ஓர் அண்ணன் அடிக்கடி சொல்வது. வேப்பங்கட்டையில் வட்டம் செய்து, மாட்டுத் தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டியதுதான் பறை. முறுக்கி ஏற்ற அதில் ஆணியோ திருகோ கிடையாது. தோல் ஈரத்தைக் குடித்தால் தொய்ந்துபோய்ச் சத்தம் 'தொப்' என்று வரும். நெருப்பில் காட்டினால் ஈரம் போய் இறுகி 'டங்' என்று திரும்பும். உள்நாட்டில் இருக்கிறவர்களுக்கு வெயிலில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. மத்தியானத்துக்குமேல் கடற்காற்று திரும்பிவிட்டால் உப்பும் ஈரமுமாக வந்து அரை மணி நேரத்தில் தோலை இளக்கிவிடும்.

எங்கள் ஒத்திகை ஒரு சவுக்குத் தோப்பில். போனதும் ஓரமாகத் தீ மூட்டுவார்கள். புதியவர் செய்ய வேண்டியது, தானாகப் போய்ப் பறையை நெருப்பில் நீட்டாமல், எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு சுற்று பார்ப்பது. வைக்கோல், காய்ந்த தென்னோலை, காகிதம், எது சுடர்விட்டு எரியுமோ அது நல்லது. சவுக்குச் சருகு குப்பென்று பிடித்துப் புகைந்து அடங்கிவிடும், அதை நம்ப முடியாது. பிளாஸ்டிக் எதையும் போடாதீர்கள். பறையைத் தீயிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளிப் பிடித்து, ஸ்டியரிங் மாதிரிச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விளிம்புக்கு நல்ல சூடு, நடுவுக்குக் கொஞ்சம். நடுவில் உள்ளங்கையை வைத்தால் இதமாகச் சுட வேண்டும், கையை எடுக்க வைக்கும் அளவுக்குப் போனால் தோல் பிளக்கும். அவ்வப்போது சுண்டுவிரலால் தட்டிப் பாருங்கள். சத்தத்துக்கு ஒரு வால் முளைக்கும், 'டங்ங்' என்று. அது வந்ததும் போதும்.

என் பறை முதல் நாளே கிட்டத்தட்டக் கருகியது. எல்லாரும் பேசிக்கொண்டே சுற்றுகிறார்களே என்று நானும் பேசினேன். பேசியபோது கை நின்றுவிட்டது. வாடை வந்த பிறகுதான் பார்த்தேன், விளிம்பில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம். இன்னும் இருக்கிறது.

மழைக்காலத்துக்கு இப்போது பலர் பைபர் பறை வைத்திருக்கிறார்கள், காய்ச்ச வேண்டாம், போல்ட்டை முறுக்கினால் போதும். வசதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் தோல் வைத்திருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் பைபரோடு போனால் அந்தக் கீச்சுச் சத்தம் தனியாக முன்னால் வந்து நிற்கும், நீங்கள் மெதுவாக அடித்தாலும். என்ன கொண்டுவரலாம் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

எங்கே நிற்பது, யாரைப் பார்ப்பது

ஓரத்தில் நில்லுங்கள், ஆனால் முன்னால் அடிப்பவரின் வலது கை தெரிகிற ஓரத்தில். அவரை ஆசான் என்பார்கள், கூத்து வழி வந்தவர்கள் இருக்கும் குழுவில் வாத்தியார் என்பார்கள், சில குழுவில் வெறும் அண்ணன்தான். மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கூப்பிடுங்கள். பாடுகிற அக்கா உங்களைவிடச் சின்னவராக இருந்தாலும் முதல் நாள் அக்காதான்.

நம் பக்கத்துக் குழுக்களில் பறை தனியாக இருப்பது குறைவு. இடுப்பில் இரட்டையாகக் கட்டிய பம்பை இருக்கும், உடுக்கை இருக்கும், கைச்சிலம்பு, தவில், சிலதில் ஆர்மோனியம். மெல்லிசைக் குழுவிலோ தேவாலயப் பாடற்குழுவிலோ டிரம் வாசித்துவிட்டு வருகிறவர்களுக்கு (எனக்கும்தான்) ஒரு வியாதி உண்டு: பாட்டில் எங்கே இடைவெளி வந்தாலும் ஓர் உருட்டு போட்டு நிரப்புவது. அங்கே டிரம் வாசிக்கிறவர் ஒருவர்தான், அதனால் இடைவெளி எல்லாம் அவருடையது. இங்கே ஒவ்வொரு இடைவெளிக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் பம்பைக்காரர் நாலு எண்ணிக்கைக்கு உருட்டுவார். உடுக்கைக்காரர் இடுப்புக் கயிற்றை அழுத்தி 'ஊங்' என்று ஒரு குரல் எழுப்புவார், அது அவருடைய இடம், அதற்காகவே அவர் காத்திருப்பார். அதில் போய் நீங்கள் தடதடவென்று விழுந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். டீ குடிக்கும்போது உங்களோடு பேச மாட்டார், அவ்வளவுதான்.

ஆகவே முதல் பாட்டு முழுக்கச் சும்மா நில்லுங்கள். "அடி தம்பி" என்று சொன்னாலும், "ஒருவாட்டி கேட்டுக்கறேண்ணே" என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது பாட்டில் 'த' மட்டும். மூன்றாவதில் முழு அடி, ஆனால் அரைச் சத்தத்தில். உங்கள் பறைச் சத்தம் உங்களுக்கே நன்றாகக் கேட்டால் அதிகமாக அடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அடவு எல்லாம் முதல் நாள் வேண்டாம், வலது பாதத்தால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் போதும்.

முடிப்பு

ஒத்திகை ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்: "அண்ணே, முடிப்பு எப்படி?" எல்லாக் குழுவுக்கும் ஒரு முடிப்பு இருக்கும். சிலர் தகிட, தகதிமி மாதிரி ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து மூன்றாவதின் கடைசி அடியில் நிறுத்துவார்கள். சிலர் அடிக்குச்சியைத் தலைக்குமேல் தூக்குவார்கள். சிலர் பாட்டின் கடைசி வரியை வைத்து நிறுத்துவார்கள், அப்படியென்றால் உங்களுக்குப் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கேட்கவில்லை. மூன்றாவது பாட்டு, நல்ல வேகம், எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது, கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடுவது மேடையில் பார்க்க அழகாக இருக்கும், அதை விட்டுவிடுங்கள். வாத்தியார் தாடையை லேசாகத் தூக்கியிருக்கிறார், பம்பைக்காரர் மூன்று முறை வாசித்திருக்கிறார், எனக்கு எதுவும் தெரியாது. ஒன்பது பேரும் ஒரே அடியில் நின்றார்கள். அந்த அமைதிக்குள் என்னுடையது மட்டும் தனியாக 'டிக், டங்' என்று விழுந்தது. சவுக்கு மரங்களில் காற்று வீசுகிற சத்தம் அதற்குமுன் எனக்குக் கேட்டதே இல்லை. தவில்காரர் விரல்களில் மாட்டிய கூட்டை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "தம்பி இன்னும் ஊர் போய்ச் சேரல போல" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், காது சூடாகிவிட்டது. தப்பு நடந்தால் இப்படிச் சிரித்துவிடுவது நல்லது. "இல்லண்ணே, எங்க கிளாஸ்ல இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அடுத்த சுற்றில் வாத்தியார் முகத்தையே பார்த்துக்கொண்டு அடித்தேன், அடி சுமாராகத்தான் வந்தது, ஆனால் எல்லாரோடும் நின்றேன். "அது போதும்" என்றார்.

டீ நேரம்

பாதி முடிவு இங்கேதான் ஆகிறது. டீ வாங்கப் போகிறேன் என்று எழுந்திருங்கள், காசு கொடுக்கப் போட்டி போட வேண்டாம், தூக்குப் பாத்திரத்தைத் தூக்கினால் போதும்.

சம்பளம் பற்றி முதல் நாள் பேசாதீர்கள், ஆனால் மூன்றாவது ஒத்திகைக்குள் கட்டாயம் கேளுங்கள். நிகழ்ச்சிக்கு என்ன தருவார்கள், வண்டிச் செலவு யாருடையது, அட்வான்ஸ் பிரித்துத் தருவார்களா என்றெல்லாம். கலைச்சேவை என்று சொல்லி மழுப்புகிற இடத்தில் நான் ஒரு வருடம் இருந்திருக்கிறேன், அது வேறு கதை.

இன்னொன்று கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டியது. "சாவுக்கும் அடிப்பீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டுவிடாதீர்கள். பறையை ஊர், ஒரு சாதியின் தலையில் கட்டாய வேலையாகச் சுமத்தி, அடித்தவர்களைத் தெருவோரம் நிற்க வைத்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. குழுவில் இருக்கிற பெரியவர்களில் சிலர் தங்கள் அப்பா அப்படி நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள். சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்த குழுவும் உண்டு, அதுவும் எங்கள் கலைதான், மரியாதையோடு கூப்பிட்டால் போவோம் என்கிற குழுவும் உண்டு. அது அவர்கள் பேசி எடுத்த முடிவு, நீங்கள் வகுப்பில் காசு கட்டிக் கற்றுக்கொண்டு வந்தவராக இருந்தால் முதல் நாள் கேட்டுக்கொண்டிருப்பதுதான் உங்கள் வேலை. யார் எந்தத் தெரு என்று துருவுவதும் கூடாது.

அதே மாதிரி தவில் உசத்தி, பறை மட்டம் என்கிற பேச்சு யாராவது எடுத்தாலும் சேர்ந்துகொள்ளாதீர்கள். 2025 பத்மஸ்ரீ பட்டியலில் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசான் பெயரும் புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்தி பெயரும் சேர்ந்தே வந்தன. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தவில்காரரும் வாத்தியாரும் யாருக்கு யார் டீ வாங்கிக் கொடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

கிளம்பும் முன்

தோலை உலர்ந்த துணியால் துடைத்து உறையில் போடுங்கள், சுடச்சுட மூடாதீர்கள். ஆடியோ பதிவு செய்ய ஆசைப்பட்டால் முதலிலேயே கேட்டுவிட்டுச் செய்யுங்கள், வீட்டில் கேட்க மட்டும்தான், ஸ்டேட்டஸில் போட இல்லை. அன்றைக்கு ராத்திரியே ஒரு தடவை கேளுங்கள். உங்கள் அடியைத் தேடுவீர்கள், அது கண்டுபிடிக்க முடியாமல் மற்ற அடிகளோடு கலந்துபோயிருந்தால் நல்ல ஒத்திகை.

"அடுத்து எப்பண்ணே?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். "போன் பண்றேன்" என்றால் யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். "வழக்கம்போல ஞாயிறுதான்" என்றால் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு இரண்டும் சொல்லவில்லை. வாத்தியார் பைக்கை உதைத்துக்கொண்டே, "வரும்போது ரெண்டு கட்டு வைக்கோல் எடுத்துட்டு வா, உன் பறை நெறையாக் குடிக்குது" என்றார்.